இலக்கு மருந்து எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வி: 2 மார்ச், காலை

அத்தைக்கு சிஎம்எல் ரத்தப் புற்றுநோய். போன வருடத்திலிருந்து இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்த ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி வீக்கம், முகமும் கையும் நிறம் வெளுத்துக்கொண்டே வருகிறது. "இது கீமோ மாதிரி கிடையாது, புற்றுநோய் செல்லை மட்டும் குறிபார்த்து அடிக்கும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். குறிபார்த்து அடிக்கிற மருந்துக்குத் தோலில் என்ன வேலை? அது எங்கெல்லாம் போய் ஒட்டுகிறது என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?

2 மார்ச், இரவு

பார்த்திருக்கிறார்கள். சில வருடம் என் பிழைப்பே அதுதான். செல்லுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, அது எந்தெந்தப் புரதத்தில் போய் உட்காருகிறது என்று மாஸ் ஸ்பெக்கில் (எடையை வைத்துப் புரதங்களை அடையாளம் காணும் கருவி) தேடுவது. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

முதலில் அத்தை விஷயம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீக்கத்தையும் நிறத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர்களுக்கு இது பழக்கமான புகார். இமாட்டினிப் அமெரிக்காவில் 2001 மே மாதம் அனுமதி பெற்றது பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதத்தை அடக்குவதற்காக. இரண்டு ஜீன்கள் உடைந்து ஒட்டிக்கொண்டதால் சிஎம்எல் செல்லில் உருவாகும் புரதம் அது. நல்ல செல்லில் கிடையாது. குறிபார்த்து அடிக்கும் என்று சொன்னது இதை வைத்துத்தான்.

ஆனால் அதே மாத்திரை கிட், பிடிஜிஎஃப்ஆர் என்ற வேறு இரண்டு புரதங்களையும் பிடிக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனோசைட் செல்கள் கிட்டை நம்பி வாழ்பவை. அதை அடக்கினால் நிறம் குறையும். வெள்ளைக்காரர்களை விட நம் தோலில் இது பளிச்சென்று தெரியும். கண் வீக்கத்துக்குப் பிடிஜிஎஃப்ஆரைக் காரணமாகச் சொல்வது வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2002இல் இதே மாத்திரைக்கு ஜிஸ்ட் என்ற இரைப்பை, குடல் கட்டிக்கும் அனுமதி கிடைத்தது. அங்கே இலக்கே கிட்தான். அத்தைக்கு வேண்டாத இடம், அதே ஓபியில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஜிஸ்ட் நோயாளிக்கு வேண்டிய இடம்.

3 மார்ச், காலை

"ஒரே மாத்திரை எப்படி மூன்றைப் பிடிக்கும்?" என்று கேட்டவருக்கு: மூன்றும் கைனேஸ் வகை நொதிகள், அதாவது மற்றப் புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் இயக்கத்தை மாற்றுபவை. மனித ஜீனோமில் இந்த வகை சுமார் 518 உண்டு என்று 2002இல் பட்டியல் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி வந்து உட்கார ஒரு குழி இருக்கிறது. பெரும்பாலான கைனேஸ் மருந்துகள் அந்தக் குழிக்குள்தான் நுழைகின்றன. குழிகள் அண்ணன் தம்பி ஜாடையில் இருப்பதால், ஒன்றுக்கு மட்டும் பொருந்துகிற மருந்தைச் செய்வது கடினம். ஒன்றே ஒன்றைத்தான் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், எத்தனையில் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

3 மார்ச், மதியம்

அப்பாவுக்கு ஜெஃபிடினிப் கொடுத்தபோது முகமெல்லாம் பரு மாதிரி வந்தது, அதுவும் தவறான இலக்குதானா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஜெஃபிடினிப்பின் இலக்கு இஜிஎஃப்ஆர். நுரையீரல் கட்டியில் இருக்கும் அதே புரதம் தோலிலும் இருக்கிறது. மருந்து சரியான புரதத்தைத்தான் பிடித்தது, பிடித்த இடம்தான் கட்டிக்கு வெளியே. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசி சிலருக்கு இதயத்தைத் தளர்த்துவதும் இந்த ரகம், அதன் இலக்கான ஹெர்2 இதயச் செல்லுக்கும் தேவை. இந்த இழையில் நான் பேசப்போவது வேறு: மருந்தைச் செய்தவர் நினைத்தே பார்க்காத புரதத்தில் மருந்து போய் உட்காருவது.

5 மார்ச், இரவு

சரி, கண்டுபிடிக்கும் விதம். பழைய வழி பீட்ஸ். கண்ணுக்கு மாவு போலத் தெரியும் சின்னச் சின்ன மணிகளில் மருந்தைக் கட்டிவிட வேண்டும். செல்லை உடைத்த சாற்றை அதன் மேல் விட்டு, கழுவி, ஒட்டிக்கொண்டிருப்பதை மாஸ் ஸ்பெக்கில் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது. முதல் தடவை ரிசல்ட் வரும்போது பட்டியலின் உச்சியில் கெரட்டின் இருக்கும். அது மருந்தின் இலக்கு கிடையாது, பைப்பெட் பிடித்தவரின் தோலும் முடியும். அதற்குக் கீழே டியூபுலின், ஆக்டின், வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். எந்த மணியைப் போட்டாலும் இவை வந்து ஒட்டும், சும்மா மணியைப் போட்டாலும் ஒட்டும்.

இதைத் தாண்ட ஒரு நல்ல தந்திரம் உண்டு. சாற்றில் முதலில் மருந்தைத் தனியாகக் கலந்துவிட வேண்டும், பிறகு மணியைப் போட வேண்டும். மருந்து உண்மையிலேயே பிடித்துக்கொண்ட புரதம் மணிக்கு வராது. அதாவது எது ஒட்டியது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எது காணாமல் போனது என்று பார்க்கிறோம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால், எந்த அளவில் எந்தப் புரதம் காணாமல் போகிறது என்ற கணக்கும் கிடைக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த செல்சோம் நிறுவனத்தார் பல கைனேஸ் மருந்துகளைக் கலந்து மணியில் கட்டி, 2007இல் இமாட்டினிப்பை இப்படிச் சோதித்தார்கள். இரண்டு புதிய பெயர்கள் வந்தன. ஒன்று டிடிஆர்1, அதுவாவது கைனேஸ். மற்றது என்க்யூஓ2. அது கைனேஸ் குடும்பத்திலேயே சேராத ஒரு ஆக்சிஜனேற்ற-ஒடுக்க நொதி. அதே வருடம் வியன்னாவில் ஒரு குழு வேறு விதமாகச் செய்து அதே என்க்யூஓ2வைப் பிடித்தது. மருந்து கடைக்கு வந்து ஆறு வருடம் கழித்து!

அதனால் என்ன என்று கேட்டால், அத்தைக்கு ஒன்றுமில்லை. ஆனால் கைனேஸ் மருந்தைக் கைனேஸ் பட்டியலில் மட்டும் சோதித்தால் போதாது என்று இந்த வேலையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது அப்போதுதான்.

7 மார்ச், இரவு

மணியில் ஒரு சங்கடம் இருக்கிறது. செல்லை உடைத்த பிறகுதான் எல்லாம் நடக்கிறது. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் மருந்து நுழைந்ததா, நுழைந்து எதைப் பிடித்தது என்று தெரியாது.

அதற்கு வந்ததுதான் சூடாக்கும் முறை. 2013இல் ஸ்டாக்ஹோமிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்த பேர் நோர்ட்லுண்ட் குழு இதைக் கொண்டுவந்தது. முட்டை வெள்ளைக்கரு சூட்டில் இறுகுவது போல எல்லாப் புரதமும் ஏதோ ஒரு சூட்டில் குலைந்து திரண்டுவிடும். மருந்து பிடித்துக்கொண்ட புரதம் கொஞ்சம் கூடுதல் சூடு வரை தாங்கும். அந்தக் கூடுதல்தான் தடயம். 2014இல் ஹைடல்பெர்க்கின் சவிட்ஸ்கியும் மற்றவர்களும் இதை மாஸ் ஸ்பெக்குடன் சேர்த்து, ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே ஓட்டத்தில் பார்க்கிற மாதிரி செய்துவிட்டார்கள்.

செய்முறையில் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. மருந்து கொடுத்த செல், மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் கொடுத்த செல், இரண்டையும் சின்னச் சின்ன டியூபில் பிரித்து, குறித்த சூட்டில் வைத்திருக்கும் பிசிஆர் மெஷினில் வைப்போம். 37 டிகிரியில் ஆரம்பித்து 67 வரை படிப்படியாகப் பத்து சூடு, ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம். பிறகு திரவ நைட்ரஜனில் உறையவைத்து உருக்கி உடைப்பது, வேகமாகச் சுற்றுவது. திரண்டது அடியில் போகும், திரளாதது மேலே தெளிவில் நிற்கும். மேல் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். 37 டிகிரி டியூபில் அடியில் கொஞ்சம்தான் இருக்கும். அறுபதைத் தாண்டியதில் வெள்ளையாகப் படிந்திருக்கும், அதைக் கலக்காமல் உறிஞ்சுவதற்குள் மூச்சை அடக்கிக்கொள்வோம். பைப்பெட் முனை அந்தப் படிவைத் தொட்டால் அந்தப் புள்ளி போச்சு.

2014 ஆய்வில் வந்தவற்றில் எனக்குப் பிடித்தது ஃபெரோகெலட்டேஸ். ரத்தச் சிவப்புக்குக் காரணமான ஹீம் தயாரிப்பின் கடைசிப் படியில் இரும்பை உள்ளே வைக்கும் நொதி. மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வெமுராஃபெனிப், ஏஎல்கே வகை நுரையீரல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அலெக்டினிப், இரண்டும் போய் இதைப் பிடிக்கின்றன. இந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் உடம்பில் சேர்ந்து, வெயில் பட்டாலே தோல் எரியும். வெமுராஃபெனிப் சாப்பிடுகிறவர்கள் வெயிலில் வெந்துபோவதாகப் புகார் ஏற்கெனவே இருந்தது. முடிச்சு அழகாக விழுந்தது.

8 மார்ச், காலை

"அப்போ மே மாத மதுரையில் அலெக்டினிப் சாப்பிட்டால் ஆள் கருவாடுதானா?" என்று கேட்ட புண்ணியவானுக்கு: குடை, முழுக்கை, எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன். மருந்தின் குறிப்பிலேயே நீண்ட நேரம் வெயிலில் நிற்காதே, கடைசி மாத்திரைக்குப் பிறகும் குறைந்தது 7 நாள் நிற்காதே என்று போட்டிருக்கிறது. மெலனோமா இங்கே அபூர்வம் என்பதால் வெமுராஃபெனிப் சாப்பிடுகிறவரைப் பார்ப்பது கடினம். அலெக்டினிப் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். யாருக்காவது தெரிந்தவர் இருந்தால் சொல்லிவையுங்கள். கார் கண்ணாடியை நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், யூவிஏ என்ற புற ஊதாக் கதிர் சாதாரணக் கண்ணாடி வழியாக வந்துவிடும்.

11 மார்ச், இரவு

முடிச்சு அழகாக விழுந்தது என்று 7ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

வெமுராஃபெனிப் ஃபெரோகெலட்டேஸைப் பிடிக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. வெயில் எரிச்சலுக்கு அதுதான் காரணமா? அந்த ஆய்வாளர்களே "இருக்கலாம்" என்றுதான் எழுதினார்கள். வெமுராஃபெனிப் மூலக்கூறே யூவிஏ ஒளியை உறிஞ்சக்கூடியது. நொதி எதையும் தொடாமலேயே தோலில் அது நேராக வேலை காட்டலாம். எரிச்சலில் நொதியின் பங்கு எத்தனை, மருந்தின் பங்கு எத்தனை என்று சூடாக்கும் முறை சொல்லாது. அது சொல்வது தொட்டதை மட்டும்.

சொல்லப்போனால் தொட்டதைக்கூட எப்போதும் சொல்லாது. உயிருள்ள சிஎம்எல் செல்லில், அதே நோய்க்கான இன்னொரு மருந்தான டாசாட்டினிப் கொடுத்தால் சிஆர்கேஎல் என்ற புரதத்தின் சூடு தாங்கும் தன்மை மாறுகிறது. டாசாட்டினிப் அதைத் தொடவே இல்லை. தொட்டது பிசிஆர்-ஏபிஎல்லை. அது அடங்கியதால் அதனிடமிருந்து சங்கிலி போல உத்தரவு வாங்கும் சிஆர்கேஎல்லின் நிலை மாறியது. அதனால் அதே சோதனையை உடைத்த சாற்றிலும் செய்ய வேண்டும். சாற்றில் இந்தச் சங்கிலி ஓடாது. சாற்றிலும் செல்லிலும் மாறினால் நேரடிப் பிடி என்று நம்பலாம், செல்லில் மட்டும் மாறினால் யோசிக்க வேண்டும். இதில் கஷ்டமே, இரண்டாவது ரகம்தான் எப்போதும் அதிகமாக வரும்.

சவ்வில் பதிந்த புரதங்களைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், அங்கே இந்த முறை தடுமாறும். டிடர்ஜென்ட் சேர்த்துச் சமாளிக்கிறார்கள்.

15 மார்ச், இரவு

இந்த இழையில் நான் சொல்ல விரும்புவது உண்மையில் இதைத்தான். மருந்து எதைத் தொடுகிறது என்று காட்டுவதும், அதைத் தொட்டதால்தான் செல் சாகிறது என்று காட்டுவதும் தனித்தனி வேலைகள். முதல் வேலைக்குக் கோடிக்கணக்கில் கருவி வாங்குகிறோம். இரண்டாவதைப் பல பேர் செய்வதே இல்லை.

ஜேசன் ஷெல்ட்சர் என்பவர் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் இருந்தபோது நடந்தது. மெல்க் என்ற கைனேஸ் இல்லாமல் புற்றுநோய் செல் வாழாது என்று பல ஆய்வுக் கட்டுரைகள் இருந்தன. அதற்கென்று மருந்தும் மனிதர்களிடம் சோதனைக்குப் போயிருந்தது. இவர்கள் கிரிஸ்பர் என்ற ஜீன் வெட்டும் கருவியால் மெல்க் ஜீனை வெட்டி எடுத்தார்கள். செல்கள் பாட்டுக்கு வளர்ந்தன. சரி என்று அந்த மெல்க் இல்லாத செல்களுக்கு மெல்க் மருந்தைக் கொடுத்தார்கள். செத்தன. இலக்கே இல்லாத இடத்தில் மருந்து யாரைக் கொன்றது? 2017இல் வந்த கதை இது.

2019இல் இதையே பெரிதாகச் செய்தார்கள். பத்து மருந்துகள், அவற்றில் பல மனிதர்களிடம் சோதனையில் இருந்தவை. இலக்கு என்று சொல்லப்பட்ட ஜீனை வெட்டினாலும் செல் வளர்கிறது, வெட்டிய செல்லையும் மருந்து அதே அளவில் கொல்கிறது. ஒன்றுக்கு மட்டும் உண்மையான இலக்கு எது என்று தேடிப் பிடித்தார்கள். அது ஓடிஎஸ்964, பிபிகே என்ற கைனேஸுக்கான மருந்து என்று பெயர் வாங்கியது.

பிடித்த விதம்தான் எனக்கு இன்னும் இனிக்கிறது. மணியும் இல்லை, சூடும் இல்லை. டிஎன்ஏ நகலில் வரும் பிழையைத் திருத்தும் வேலை கெட்டுப்போன குடல் புற்றுநோய் செல் வகை ஒன்று இருக்கிறது, எச்சிடி116. அதில் பிறழ்வுகள் சரமாரியாக வரும். அதை மருந்தில் மூழ்கடித்து, சாகாமல் தப்பித்த ஒன்றிரண்டை வளர்த்து, ஜீன்களைப் படித்தார்கள். தப்பித்தவற்றில் சிடிகே11 என்ற கைனேஸின் 579ஆம் இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் செரின் வந்திருந்தது. அந்த ஒரு எழுத்தை மட்டும் புதுச் செல்லில் மாற்றிப் பார்த்தார்கள். மருந்து அந்தச் செல்லை அசைக்கவில்லை. அப்படியானால் கொலை நடந்த இடம் சிடிகே11.

இமாட்டினிப்புக்கு இதே சான்று நோயாளிகளிடமிருந்தே வந்தது. மருந்துக்கு அடங்கிய நோய் திரும்பி வந்த சிலரிடம் பார்த்தால் ஏபிஎல்லின் 315ஆம் இடத்தில் திரியோனின் மாறி ஐசோலூசின் ஆகியிருந்தது. மருந்து உட்காரும் குழியே மாறிவிட்டது. 2001இல் தெரிந்த விஷயம். ஏபிஎல்தான் இலக்கு என்பதற்கு அதற்கு மேல் எனக்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

16 மார்ச், காலை

அந்த ஓடிஎஸ்964 வீணாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிடிகே11 என்ன வேலை செய்கிறது என்று ஆராய இப்போது அதைத்தான் கருவியாகப் பயன்படுத்துகிறார்கள். 2022இல் ஆர்என்ஏவை வெட்டி ஒட்டும் ஸ்பிளைசிங் வேலையில் சிடிகே11க்குப் பங்கு உண்டு என்று காட்டிய வேலையிலும் அது இருந்தது.

18 மார்ச், இரவு

"அப்படியென்றால் இத்தனை நாளாக நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்ற ரீதியில் மூன்று நான்கு பதில்கள். நிதானம்.

சோராஃபெனிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ராஃப் என்ற கைனேஸை அடக்கத்தான் தேடிப் பிடித்தார்கள். 2005 டிசம்பரில் சிறுநீரகப் புற்றுநோய்க்கு அனுமதி, பிறகு கல்லீரலுக்கும். அது அங்கே வேலை செய்வது பெரும்பாலும் கட்டிக்கு ரத்தக் குழாய் வளரச்செய்யும் விஈஜிஎஃப்ஆரை அடக்குவதால் என்பது பின்னால் தெரிந்தது. ராஃப் பிறழ்ந்த மெலனோமாவில் அது சொல்லும்படி எதுவும் செய்யவில்லை. பெயர் சொன்ன இலக்கு ஒன்று, பலன் கொடுத்தது இன்னொன்று. அதற்காக மருந்து பொய்யாகிவிடாது. நம் ஊரில் 2012 மார்ச்சில் முதல் கட்டாய உரிமம் (பேட்டன்ட் வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே இன்னொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) கொடுத்ததும் இதற்குத்தான். மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்றதை ஹைதராபாத்தின் நாட்கோ 8,800க்குக் கொடுக்க முன்வந்தது. அந்தக் கல்லீரல் நோயாளிக்கு ராஃபா விஈஜிஎஃப்ஆரா என்பது கவலையே கிடையாது.

கவலைப்பட வேண்டிய இடம் எது என்றால், யாருக்குக் கொடுப்பது என்று இலக்கை வைத்து ஆள் பொறுக்கும்போதுதான். இனிபாரிப் கதை அப்படி. டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்ய உதவும் பார்ப் நொதியை அடக்கும் மருந்து என்று சொல்லி மார்பகப் புற்றுநோயில் பெரிய சோதனை வரை போனது, 2011 ஜனவரியில் தோற்றது. உடனே பார்ப் மருந்துகள் மேலேயே நம்பிக்கை ஆட்டம் கண்டது. அடுத்த வருடம் ஆய்வகங்களில் பார்த்தால் அது பார்பைச் சரியாக அடக்கவே இல்லை, சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் உள்ள கண்ட புரதங்களிலெல்லாம் போய் ஒட்டியது. உண்மையான பார்ப் மருந்தான ஒலாபாரிப் 2014இல் கருப்பைப் பக்கத்துச் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி வாங்கியது. மெட் என்ற கைனேஸை அடக்கும் என்று சொல்லப்பட்ட டிவான்டினிப்பும் இதே பாதை. மெட் புரதம் அதிகமுள்ள கல்லீரல் நோயாளிகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள். மருந்து செல்லைக் கொன்றது செல் பிரிவதற்குத் தேவையான மைக்ரோடியூபுல் இழைகளைக் கெடுத்துத்தான் என்று 2013லேயே கட்டுரைகள் வந்துவிட்டன. 2017இல் சோதனை தோற்றது. பொறுக்கிய விதத்துக்கும் மருந்து செய்த வேலைக்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு இதில் கோபம் வருவது நோயாளிகள் கொடுத்த காலத்தை நினைத்துத்தான்.

22 மார்ச், மதியம்

இழை ரொம்ப இருட்டாகப் போகிறது. நல்ல கதை ஒன்று.

இப்ரூட்டினிப், பிடிகே என்ற கைனேஸுக்கான மருந்து, சிஎல்எல் போன்ற ரத்தப் புற்றுநோய்களில் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. பிடிகே இல்லாத எலியிலும் மருந்து கொடுத்தால் துடிப்புக் கெட்டது, அதனால் பிடிகே காரணமில்லை. 2020இல் சிஎஸ்கே என்ற இன்னொரு கைனேஸைக் கைகாட்டினார்கள். இதயச் செல்லில் அந்த ஜீனை எடுத்தாலே அதே கோளாறு வந்தது. 15ஆம் தேதி நான் கேட்ட இரண்டாவது வேலை இதுதான், இங்கே ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். பிடிகேயை மட்டும் இன்னும் கச்சிதமாகப் பிடிக்கும் அகாலாப்ரூட்டினிப்பை இதனோடு நேருக்கு நேர் மோதவிட்ட சோதனை 2021இல் வந்தது. துடிப்புக் கோளாறு இப்ரூட்டினிப்பில் 16 சதவீதம், இதில் 9.4 சதவீதம்.

22 மார்ச், இரவு

ஒருவர் 10 மைக்ரோமோலார் செறிவுள்ள மருந்தில் எடுத்த நீளமான பட்டியலை ஒட்டிவிட்டு "இத்தனையையும் தொடுகிறதே" என்று பயப்படுகிறார். தட்டில் ஊற்றுகிற அளவும் ரத்தத்தில் சும்மா திரிகிற அளவும் ஒன்று கிடையாது. இமாட்டினிப்பில் சுமார் 95 சதவீதம் ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. மிச்சம்தான் செல்லுக்குள் போகும். பட்டியலில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் எந்த அளவில் பிடிக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள், பிறகு அந்தப் புரதம் எந்த உறுப்பில் இருக்கிறது என்று பாருங்கள். மியூனிக்கில் குஸ்டர் குழு 2017இல் 243 கைனேஸ் மருந்துகளுக்கு மணி முறையில் இந்த எண்களை எடுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் ஒரே ஒரு புரதத்தை மட்டும் பிடிப்பவையும் இருக்கின்றன, நூற்றைத் தாண்டிப் பிடிப்பவையும் இருக்கின்றன. பயப்படுவதற்கு முன் அதைத் திறந்து பார்க்கலாம்.

2 ஏப்ரல், இரவு

முதுகலை முடிக்கும் தம்பி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது, பொதுவிலேயே பதில்: கையில் ஒரு மூலிகைச் சாற்றுப் பொருள், ஒரு செல் வகை, மாஸ் ஸ்பெக் இல்லை, பணமும் இல்லை. இலக்கு இதுதான் என்று கம்ப்யூட்டரில் டாக்கிங் (பொருள் புரதத்தின் குழியில் பொருந்துமா என்று கணக்கிடுவது) செய்து பார்த்திருக்கிறார், கைடு கட்டுரை எழுதச் சொல்கிறார்.

எழுதாதே தம்பி, இப்போது வேண்டாம். டாக்கிங் எந்தக் குழியிலும் எதையாவது உட்காரவைக்கும். பிசிஆர் மெஷின் உன் டிபார்ட்மென்ட்டில் கண்டிப்பாக இருக்கும், அதில் சூடாக்கி, அந்த ஒரு புரதத்துக்கு மட்டும் ஆன்டிபாடி வாங்கி வெஸ்டர்ன் பிளாட் (அந்தப் புரதத்தை ஒரு பட்டையாக, அதாவது பாண்டாக, காட்டும் சோதனை) போடு. உயிருள்ள செல்லில் ஒன்று, உடைத்த சாற்றில் ஒன்று. ஆன்டிபாடி வாங்கும்போது அந்த ஜீன் வெட்டிய செல்லில் அது எதையும் காட்டாது என்று நிரூபித்த ஆன்டிபாடியாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். பாண்ட் மாறவில்லை என்றால் உடனே மனம் உடையாதே, சில புரதங்கள் மருந்து பிடித்தாலும் சூட்டில் அசையாது. மாறினால் அந்த ஜீன் வெட்டிய செல் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரி, பல ஆய்வகங்கள் கேட்டால் அனுப்பும். அதில் உன் பொருளைப் போட்டுப் பார். வெட்டிய செல்லும் சாதாரணச் செல்லும் ஒரே அளவில் செத்தால், கைடிடம் டாக்கிங் படத்துக்குப் பதில், எந்த அளவில் எத்தனை செல் செத்தது என்று இரண்டு வகைக்கும் வரைந்த கோடுகளைக் காட்டு.